பெற்றோர் சங்கத்தின் துணைவிதிகள்: எழுதுவதற்கும் திருத்துவதற்கும் முழுமையான வழிகாட்டி

பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்குத் துணைவிதி (பைலா), அதாவது சங்கம் நடக்க வேண்டிய முறையைச் சொல்லும் விதித்தொகுப்பு, எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர், சங்கம் ஒற்றுமையாக நடக்கும் நாளை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். அந்த நாளில் யாரும் பைலாவைப் புரட்டுவதில்லை. செயலாளர் கூட்டிய கூட்டம் செல்லுமா, செல்லாதா என்று இரு தரப்பும் மல்லுக்கு நிற்கும் நாளில்தான் நகலைத் தேடுகிறார்கள். அப்போது சங்கத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர், காகிதத்தை மட்டும் படித்து விடை சொல்லக்கூடிய அளவுக்கு விதி தெளிவாக இருக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அந்தத் தேவையை வைத்தே அமைந்தது. எடுத்துக்காட்டுகள் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் வட்டாரத்துப் பள்ளிகளுக்குப் பொருந்துபவை. சட்டம் தமிழ்நாடு முழுவதற்கும் ஒன்றே.

1. எந்த அமைப்புக்கு எழுதுகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

ஒரே பள்ளியில் பெற்றோர் இடம்பெறும் அமைப்புகள் மூன்று இருக்கக்கூடும். மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழு. இது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, உதவி பெறாத தனியார் பள்ளிகள் நீங்கலாக மற்றப் பள்ளிகளில் அமைய வேண்டிய குழு. உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. இதன் அமைப்பு அரசு ஆணைகளால் வரையறுக்கப்படுவதால், நீங்கள் துணைவிதி எழுதி மாற்ற இதில் எதுவும் இல்லை.

இரண்டாவது, பெற்றோர் ஆசிரியர் கழகம். இதற்கு மாநில அளவிலான அமைப்பும் அதன் விதிமுறைகளும் இருக்கின்றன. தலைமையாசிரியரிடம் அந்த விதிமுறைகளின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே, உள்ளூரில் சேர்க்க இடமிருப்பதைச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, பெற்றோர்கள் தாங்களே கூடி வேன் ஏற்பாடு, மாலைநேரப் படிப்பு, ஏழை மாணவருக்கு உதவித்தொகை போன்றவற்றுக்காக அமைக்கும் சங்கம். இந்த வழிகாட்டி முதன்மையாக இதற்கானது. இத்தகைய சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 என்பதன் கீழ் வருகிறது. ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். உறுப்பினர் எண்ணிக்கை இருபதை எட்டினாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயமாகிறது. முந்நூறு குழந்தைகள் படிக்கும் பள்ளியில் இந்த வரம்பு முதல் மாதத்திலேயே கடந்துவிடும் என்பதால், பதிவு செய்யப் போகிறோம் என்ற கணக்கிலேயே எழுதத் தொடங்குங்கள்.

2. எழுதுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் நகல், அதன் கீழ் வந்த 1978ஆம் ஆண்டு விதிகளின் நகல், பள்ளியின் வகுப்புவாரியான மாணவர் எண்ணிக்கை, சங்கம் ஏற்கெனவே இயங்கி வந்தால் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் தீர்மானப் புத்தகமும் வங்கிப் பாஸ்புக்கும். இவற்றோடு, இதுவரை வந்த சண்டைகளின் பட்டியல் ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலே உங்கள் துணைவிதியின் பாதிப் பொருளடக்கம்.

வேறொரு சங்கத்தின் பைலாவை ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. தெரு நலச் சங்கத்தில் வீடு வைத்திருப்பவர் பல ஆண்டுகள் உறுப்பினராக இருப்பார். பெற்றோர் சங்கத்தில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் உறுப்பினர் தகுதி போய்விடும். அந்த வேறுபாடு நகலெடுத்த விதியில் எங்கும் இருக்காது. ஆகையால், மற்றவர்களின் பைலாவைத் தலைப்புகள் விடுபடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

எழுதும் குழுவில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் எழுதட்டும், ஒருவர் கணக்குத் தெரிந்தவராக இருக்கட்டும், மூன்றாமவர் கேள்வி கேட்கும் குணமுள்ளவராக இருக்கட்டும்.

3. நோக்கத்தைத் தள்ளி வைத்து, உறுப்பினரிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் நோக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் இரண்டு கூட்டங்கள் கரைந்துபோகும். அழகான சொற்கள் சேரும். உறுப்பினர் யார் என்ற கேள்வி வரும்போது எல்லோருக்கும் சலிப்பு வந்திருக்கும். உண்மையில் கோரம் (கூட்டம் செல்லுவதற்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை), வாக்கு, சந்தா, தேர்தல் ஆகிய அனைத்தும் உறுப்பினர் வரையறையின் மீதுதான் நிற்கின்றன. அதை முதலில் முடித்துவிடுங்கள்.

‘மாணவரின் பெற்றோர் அனைவரும் உறுப்பினர்’ என்ற ஒரு வரி போதாது. நம் பக்கத்தில் தகப்பனார் துபாயிலோ மும்பையிலோ இருப்பார். தாயும் தகப்பனும் கேரளத்தில் வேலையில் இருக்க, பிள்ளை ஆச்சி வீட்டில் தங்கிப் படிக்கும். பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போடுகிறவர் ஆச்சிதான். அவர் கூட்டத்துக்கு வந்தால் கணக்கில் சேர்ப்பதா, வாக்களிக்க விடுவதா என்பதை விதி சொல்லவில்லையென்றால், கூட்டத்தின் நடுவில் அந்த மூதாட்டியை எழுப்பி வெளியே அனுப்பும் நிலை வரும். அது நடந்தும் இருக்கிறது. ஆகவே, ‘பெற்றோர்’ என்பதில் மாணவரை உடன் வைத்து வளர்க்கும் காப்பாளரும் அடங்குவார் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

அடுத்தது, வாக்கு யாருக்கு என்பது. குழந்தைக்கு ஒரு வாக்கா, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கா, குடும்பத்துக்கு ஒன்றா? குடும்பத்துக்கு ஒன்று என்பதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு மூன்று வாக்கு என்றால் ஒற்றைப் பிள்ளைக்காரர் முணுமுணுப்பார்; தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனி வாக்கு என்றால் உறுப்பினர் எண்ணிக்கை இரட்டிப்பாகிக் கோரம் எட்டாக்கனியாகிவிடும்.

ஆனால் சட்டத்தின் பார்வையில் உறுப்பினர் என்பவர் தனி ஆள், குடும்பம் அல்ல. எனவே ஒவ்வொரு குடும்பமும் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒருவரை உறுப்பினராகவும், அவர் வர இயலாதபோது வாக்களிக்க வேறொருவரைப் பதிலாளாகவும் எழுதித் தர வேண்டும் என்று விதி வையுங்கள். பதிலாள் வாக்கை வெளிப்படையாக அனுமதித்து, அந்த ஒரே ஆளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தவும் வேண்டும். இல்லையென்றால் ஒருவரே இருபது கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

உறுப்பினர் தகுதி எப்போது முடிகிறது என்பதையும் நாளோடு எழுதுங்கள். ‘பிள்ளை பள்ளியை விட்டு நீங்கும்போது’ என்றால் கடைசித் தேர்வு நாளா, மாற்றுச் சான்றிதழ் வாங்கிய நாளா என்று கேள்வி வரும். ‘மாணவரின் பெயர் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட நாளோடு’ என்று எழுதினால் சரிபார்க்க ஓர் ஆவணம் இருக்கும்.

4. கூட்டமும் அறிவிப்பும்

நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்கிறது சட்டம். மார்ச் 31இல் கணக்கு முடித்தால் செப்டம்பர் 30 கடைசி நாள். ஜூன் மாதம் கட்டணமும் புத்தகமுமாகப் போய்விடும்; செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. எஞ்சியிருக்கும் ஜூலையிலும் ஆகஸ்ட் முற்பாதியிலும் ஆடி வந்துவிடும். கோயில் கொடைவிழா நடக்கும் ஊரில் அந்த வாரம் யாரையும் எதிர்பார்க்க முடியாது. ஆடி அமாவாசைக்குப் பாதிப் பேர் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் காரையாறு போயிருப்பார்கள். எனவே, ‘ஆகஸ்ட் மாதத்தின் நான்காவது ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணி’ என்று விதியிலேயே நாளைக் குறித்துவிடலாம். ஆவணி முகூர்த்தம் இருந்தாலும் பந்தி மதியத்தோடு முடிந்துவிடும். காலையில் தேவாலயம் செல்வோருக்கும் தடையில்லை. பீடி சுற்றும் தாய்மார்கள் மிகுந்த ஊரென்றால், அவர்கள் கடைக்குப் போய்வரும் நேரத்தைக் கேட்டுவிட்டு மணியை எழுதுங்கள். சிறப்புப் பொதுக்குழுவுக்கு இப்படி நாள் குறிக்க முடியாது. ஆயினும் பங்குனி உத்திரத்தன்று வைக்காதீர்கள், ஊர் முழுக்கச் சாஸ்தா கோயிலில் இருக்கும்.

நாள் நிலையாக இருப்பதன் பெரிய பயன், செயலாளர் கூட்டத்தைத் தள்ளிப்போட முடியாது என்பதே. ‘செயலாளர் வசதியான ஒரு நாளில் கூட்டுவார்’ என்று எழுதிய சங்கங்களில் அந்த வசதியான நாள் வருவதே இல்லை.

அறிவிப்பு பற்றிய விதியை மிகக் கவனமாக எழுத வேண்டும். பெரும்பாலான பைலாக்களில் இருப்பது இதுதான்: ‘கூட்டம் குறித்த தகவல் உறுப்பினர்களுக்கு முறையாகத் தெரிவிக்கப்படும்.’ யார் தெரிவிப்பார், எப்படி, எத்தனை நாள் முன்பு, தெரிவித்ததற்கு என்ன சான்று? நான்குக்கும் விடை இல்லை. அதை இப்படி மாற்றலாம்: ‘செயலாளர், கூட்டத்தின் நாள், நேரம், இடம், பேசப்படும் பொருள் ஆகியவற்றைக் கொண்ட அறிவிப்பை மாணவரின் டைரி வழியாக அனுப்ப வேண்டும். உறுப்பினர் கையெழுத்திட்ட அடிச்சீட்டைச் செயலாளர் கோப்பில் வைக்க வேண்டும். அறிவிப்பு அனுப்பிய நாளும் கூட்ட நாளும் நீங்கலாகப் பதினான்கு முழு நாள்கள் இடையில் இருக்க வேண்டும்.’

வாட்ஸ்அப் செய்தியைக் கூடுதல் தகவலாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டுமே அறிவிப்பாக ஏற்க வேண்டாம். குழுவிலிருந்து விலகியவர், எண்ணை மாற்றியவர், பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தா ஆகிய மூவருக்கும் அது போய்ச் சேராது.

5. கோரம்

இதற்கு இரண்டே விதிகள் போதும். முதலாவது, கோரத்தைப் பின்னமாக எழுதுங்கள். நிலையான எண்ணாக எழுத வேண்டாம். பள்ளியின் எண்ணிக்கை ஆண்டுதோறும் மாறும். ஐந்தில் ஒரு பங்கு என்பது எட்டக்கூடிய அளவு. மூன்றில் ஒரு பங்கு என்று ஆசையாக எழுதிய சங்கங்கள் ஒத்திவைத்த கூட்டங்களிலேயே காலம் தள்ளுகின்றன. பின்னம் வரும்போது மேல் முழு எண்ணுக்கு உயர்த்த வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, கோரம் இல்லாவிட்டால் என்ன என்பது. அரை மணி நேரம் காத்திருந்து, அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரத்துக்கு ஒத்திவைத்து, அன்று வந்திருப்பவர்களே கோரம் என்று வைப்பது வழக்கம். இந்தச் சலுகையைத் துணைவிதித் திருத்தத்துக்கும் தேர்தலுக்கும் தர வேண்டாம். மழை நாளில் ஒத்திவைத்த கூட்டத்துக்கு வந்த பதினொரு பேர் சங்கத்தின் விதியையே மாற்றிவிட்டுப் போகும் வாய்ப்பை அது திறந்துவிடும்.

6. பணம்

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்பதை யாரும் மறப்பதில்லை. இப்போது மறக்கப்படுவது கியூஆர் அட்டை. வசூலுக்கு அவசரம் என்று பொருளாளரின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்லுவார்கள். பணம் அவருடைய வீட்டுச் செலவோடு கலந்து கிடக்கும். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் தணிக்கையில் பிரித்துக் காட்ட முடியாது. ‘சங்கத்தின் கணக்கோடு இணைந்த கியூஆர் வழியாகவோ, ரசீது கொடுத்து ரொக்கமாகவோ தவிர வேறு வழியில் யாரும் பணம் பெறக் கூடாது’ என்று எழுதுங்கள். ரொக்கத்தை எத்தனை வேலை நாளுக்குள் வங்கியில் செலுத்த வேண்டும் என்பதும் அதே விதியில் வரட்டும்.

செலவு அதிகாரத்துக்கு மூன்று படிகள் வையுங்கள்: சிறு செலவுக்குச் செயலாளரும் பொருளாளரும், நடுத்தரச் செலவுக்குச் செயற்குழு, பெருஞ்செலவுக்குப் பொதுக்குழு. இங்கே ஒரு நுணுக்கம். ‘5,000 ரூபாய் வரை’ என்று தொகையைத் துணைவிதிக்குள் எழுதிவிட்டால், விலைவாசி ஏறும்போது அதை உயர்த்த ஒவ்வொரு முறையும் சிறப்புத் தீர்மானமும் (12ஆம் படியில் காண்க) பதிவும் தேவைப்படும். ‘ஆண்டுப் பொதுக்குழு தீர்மானத்தின் மூலம் நிர்ணயிக்கும் தொகை வரை, புதிதாக நிர்ணயிக்கும் வரை முந்தைய தொகையே தொடரும்’ என்று எழுதினால் போதும். படி துணைவிதியில் இருக்கும். தொகை தீர்மானப் புத்தகத்தில் இருக்கும்.

ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து பொதுக்குழுவில் வைப்பதும், பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்வதும் யாருடைய பொறுப்பு என்று பதவிப் பெயரோடு குறிப்பிடுங்கள். ‘சங்கம் தாக்கல் செய்யும்’ என்றால் ஒருவரும் செய்ய மாட்டார்.

7. பொறுப்பாளர்கள்

செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. இரண்டும் சட்டத்தின் எல்லைகள். பெற்றோர் சங்கத்துக்கு இரண்டு ஆண்டு போதுமானது.

இங்குதான் மூன்றாம் படியில் எழுதிய உறுப்பினர் முடிவு நாள் திரும்பி வந்து இடிக்கும். பொருளாளரின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மே மாதத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடுகிறாள், பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெயரும் நீங்குகிறது. அன்றோடு பொருளாளர் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதவர் பொருளாளராக இருக்க முடியாது. ஆனால் ஜூனில் வேன் வாடகைக்குக் காசோலை தர வேண்டும். வங்கியோ புதிய கையெழுத்துக்குத் தீர்மான நகலைக் கேட்கும். இதை முன்கூட்டியே தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. பிள்ளை இறுதி வகுப்பில் படிப்பவரைப் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று தடை வைக்கலாம். அல்லது இடைக்காலப் பொருளாளரைப் பதினைந்து நாளுக்குள் செயற்குழு நியமிக்க வேண்டும் என்று எழுதலாம். இரண்டையும் சேர்த்தே எழுதுவது நல்லது, ஏனென்றால் பதவி காலியாவதற்குத் தேர்ச்சி மட்டும் காரணமல்ல. இடமாற்றம், நோய், ராஜினாமா என்று பல உண்டு.

பொறுப்பை விட்டுப் போகிறவர் எதையெல்லாம், யாரிடம், எத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் தேவை. ரசீதுப் புத்தகம், காசோலைப் புத்தகம், தீர்மானப் புத்தகம், வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமை ஆகிய நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

8. இப்போது நோக்கத்தை எழுதுங்கள்

மற்ற எல்லாம் எழுதிய பின் சங்கம் உண்மையில் என்ன செய்யப் போகிறது என்பது தெளிவாகியிருக்கும். நோக்கம் மெமோரண்டம் எனப்படும் சங்கக் குறிப்பாணையில் இடம்பெறும். நான்கைந்து வரிகள் போதும். பள்ளி நிர்வாகத்தின் அதிகாரத்திலோ ஆசிரியர் நியமனத்திலோ தலையிடுவதாகப் பொருள்படும் சொற்களைத் தவிருங்கள். அந்த ஒரு வரிக்காகப் பள்ளி இடமே தர மறுக்கக்கூடும்.

9. வாக்கியங்களைச் சலித்தெடுங்கள்

வரைவு முடிந்ததும் ஒரு நாள் விட்டு, சொல் சொல்லாகப் படியுங்கள். நான்கு இடங்களில் பிழை ஒளிந்திருக்கும்.

‘செய்யப்படும்’ என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்கிறவர் காணாமல் போயிருப்பார். அவரைக் கண்டுபிடித்து எழுவாயாக நிறுத்துங்கள்.

‘வேண்டும்’, ‘லாம்’ ஆகிய இரண்டையும் எண்ணிப் பாருங்கள். ‘பத்து உறுப்பினர் எழுதிக் கேட்டால் செயலாளர் கூட்டத்தைக் கூட்டலாம்’ என்றால், கூட்டாமலும் இருக்கலாம்.

‘மற்றும்’, ‘அல்லது’ இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் உடைத்துவிடுங்கள். ‘தலைவர் மற்றும் செயலாளர் அல்லது பொருளாளர் காசோலையில் கையெழுத்திட வேண்டும்’ என்ற வரியைப் பல பைலாக்களில் காணலாம். தலைவர் கட்டாயம், மற்ற இருவரில் ஒருவர் போதும் என்றும் படிக்கலாம்; பொருளாளர் ஒருவரே போதும் என்றும் படிக்கலாம். வங்கி ஒருவிதமாகவும் பொதுக்குழு வேறுவிதமாகவும் படித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘காசோலையில் இருவர் கையெழுத்திட வேண்டும். ஒருவர் பொருளாளர். மற்றவர் தலைவராகவோ செயலாளராகவோ இருக்கலாம்’ என்று மூன்று சிறு வாக்கியங்களாக எழுதினால் சிக்கல் தீர்ந்தது.

‘ஆண்டு’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கல்வியாண்டா, நிதியாண்டா என்று தெளிவாக்குங்கள். சந்தா ஜூனிலும் கணக்கு ஏப்ரலிலும் தொடங்கும் சங்கத்தில் இந்த ஒரு சொல்லே சந்தா பாக்கித் தகராறுக்குப் போதும்.

10. வெளியாளிடம் கொடுத்துச் சோதியுங்கள்

எழுதியவர்கள் படித்தால் பிழை தெரியாது. மனத்தில் இருப்பதைக் காகிதத்தில் இருப்பதாகவே படிப்பார்கள். வேறு பள்ளியில் பிள்ளை படிக்கும் ஒருவரிடம் வரைவைக் கொடுத்து, கேள்விகளைக் கேளுங்கள். பொருளாளர் ஜூன் 10 அன்று திடீரென வெளிநாடு போய்விட்டார், ஜூன் 15இல் காசோலை தர வேண்டும், யார் கையெழுத்திடுவார்? கோரம் 60, வந்தவர் 58, இருவர் பாதியில் வருகிறார்கள், கூட்டம் செல்லுமா? செயற்குழு உறுப்பினர் மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை, ஆனால் தொடர்ச்சியாக அல்ல, அவர் பதவி என்ன ஆகும்? எந்த விதி எண்ணைக் கொண்டு விடை சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘பொதுவாக இப்படித்தான் செய்வார்கள்’ என்று அவர் சொன்னால், அங்கே விதி இல்லை என்று பொருள்.

11. ஏற்பும் பதிவும்

வரைவை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்து, பொதுக்கூட்டத்தில் பகுதி பகுதியாக வாசித்து ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னர் சங்கக் குறிப்பாணை, துணைவிதிகள், உறுப்பினர் மற்றும் செயற்குழு விவரம், இடத்துக்கான ஆதாரம் ஆகியவற்றோடு உங்கள் பகுதிக்குரிய மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பதிவுத்துறையின் இணையதளம் வழியாகவே விண்ணப்பம் தொடங்குகிறது. பள்ளி முகவரியைச் சங்கத்தின் முகவரியாகக் காட்ட நினைத்தால் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பலருக்கு விண்ணப்பம் திரும்பி வருவது இதனால்தான்.

12. திருத்தம்: அறிவிப்பிலிருந்து எண்ணிக்கை வரை

திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: இன்னதைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம் என்று குறிப்பிட்டு 21 நாள்களுக்குக் குறையாத முன்னறிவிப்பு, கூட்டத்தில் வாக்குரிமையோடு இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாத ஆதரவு.

முதலில் நாள் கணக்கு. ஜூலை 1 அன்று அறிவிப்பு போய்ச் சேர்ந்தால், 2 முதல் 22 வரை இருபத்தொரு முழு நாள்கள். ஆக, 23ஆம் தேதிக்கு முன் கூட்டம் வேண்டாம். டைரி வழியாக அனுப்பும்போது அன்று பள்ளிக்கு வராத மாணவர்களும் இருப்பார்கள் என்பதால் மூன்று நான்கு நாள் கூடுதலாக விடுவது புத்திசாலித்தனம்.

அறிவிப்போடு திருத்தத்தின் முழு வாசகத்தையும் இணையுங்கள். ‘விதி 14ஐத் திருத்துவது பற்றி’ என்ற ஒற்றை வரி போதாது. மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை நல்லது: இப்போது உள்ள வாசகம், மாற்ற விரும்பும் வாசகம், காரணம். காரணத்தை எழுத இயலாத திருத்தம் பெரும்பாலும் ஒருவர் மீதுள்ள கோபத்தால் வருவது. அந்தப் பத்தி காலியாக இருப்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கூட்டத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனியாக வாக்கெடுங்கள். ஐந்தையும் ஒரே தீர்மானமாகக் கட்டினால், ஒன்றைப் பிடிக்காதவர் ஐந்தையும் எதிர்ப்பார். யாராவது எழுந்து ‘பதவிக்காலத்தை மூன்றிலிருந்து இரண்டாக்குவதற்குப் பதில் ஒன்றாக்கலாமே’ என்று சொன்னால், அதை அன்றே ஏற்க வேண்டாம். அறிவிப்பில் சொன்னது இரண்டு ஆண்டு. ஓராண்டு ஆகும் என்று தெரிந்திருந்தால் வந்திருப்பேன் என்று வராதவர் கேட்க நியாயம் உண்டு.

எண்ணிக்கையில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. 300 உறுப்பினர் உள்ள சங்கத்தில் கோரம் 60, வந்திருப்பவர் 64. ஆதரவு 46, எதிர்ப்பு 8, கை தூக்காதவர் 10. புதிய செயலாளர் 46ஐயும் 8ஐயும் மட்டும் கூட்டி, 54இல் 46 என்பது நான்கில் மூன்றைத் தாண்டிவிட்டது என்று எழுதிவிடுகிறார். ஆனால் சட்டம் வந்திருப்பவர்களைக் கணக்கில் எடுக்கிறது. 64இல் நான்கில் மூன்று 48. இரண்டு வாக்கு குறைவு; திருத்தம் தோற்றது. சும்மா இருப்பதும் எதிராக வாக்களிப்பதும் இங்கே ஒன்றே என்பதைத் தலைவர் வாக்கெடுப்புக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். வாக்கெடுப்பு தொடங்கும் நேரத்தில் அறையில் எத்தனை பேர் என்று இருவர் எண்ணி, இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போன பின் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுக் காபி குடித்துப் போனவர்கள் எப்போதும் சிலர் உண்டு.

தீர்மானத்தின் வாசகம் இப்படி இருக்கலாம்: ‘விதி 14இல் உள்ள “மூன்று ஆண்டுகள்” என்ற சொற்களுக்குப் பதிலாக “இரண்டு ஆண்டுகள்” என்ற சொற்கள் அமையும். இத்திருத்தம் இப்போதைய செயற்குழுவின் பதவிக்காலத்தைப் பாதிக்காது. வந்திருந்தோர் 64. ஆதரவு 51. எதிர்ப்பு 9. வாக்களிக்காதோர் 4. சிறப்புத் தீர்மானமாக நிறைவேறியது.’ இரண்டாவது வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால், பதவியில் இருப்பவர்கள் அன்றே வெளியேற வேண்டுமா என்று அடுத்த சண்டை தொடங்கும்.

13. திருத்தம் நிறைவேறிய பின்

பொதுக்குழு கைதட்டியதோடு திருத்தம் நடைமுறைக்கு வந்துவிடாது. அதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்து, பதிவு ஆன பிறகே செல்லும். இடைப்பட்ட நாள்களில் பழைய விதிப்படியே நடக்க வேண்டும். புதிய விதிப்படி தேர்தலை அறிவித்துவிட்டால் அந்தத் தேர்தலே கேள்விக்குள்ளாகும்.

விதி எண்களை மாற்றாதீர்கள். 14க்கும் 15க்கும் இடையில் புதிய விதி வந்தால் 14அ என்று சேருங்கள். ஒன்றை நீக்கினால் அந்த எண்ணுக்கு எதிரே ‘நீக்கப்பட்டது’ என்று விட்டுவிடுங்கள். பழைய தீர்மானங்கள் எல்லாம் பழைய எண்களையே சுட்டுகின்றன.

திருத்தங்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாகத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இன்ன தேதி வரையிலான திருத்தங்களுடன்’ என்று போடுங்கள். ஒரு நகல் செயலாளரிடம், ஒன்று தலைமையாசிரியர் அறையில், ஸ்கேன் செய்த கோப்பு செயற்குழு அனைவரிடமும் இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரே ஒரு தீர்மானப் புத்தகத்தைக் கீழ்த்தளத்துப் பீரோவில் வைப்பதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

பழைய தொகுப்பைக் கிழித்துப் போட்டுவிடாமல், மேலே குறுக்குக் கோடிட்டு, எந்தத் தேதி வரை நடைமுறையில் இருந்தது என்று எழுதிக் கோப்பில் வையுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு தேர்தலையோ செலவையோ யாராவது கேள்வி கேட்டால், அன்றைக்கு நடைமுறையில் இருந்த விதியைக் கொண்டுதான் பதில் சொல்ல முடியும்.